கோணாத கதவு, கோணிய பெட்டி

காரவள்ளியில் சமவெளி முடிகிறது. அங்கிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏழடி அலமாரியை முழுசாக ஏற்றிக்கொண்டு அத்தனை வளைவுகளிலும் திரும்புவது வண்டிக்காரருக்குச் சிரமம், அலமாரிக்குக் கேடு. அதையே பலகை பலகையாகப் பிரித்து அட்டைப்பெட்டியில் அடுக்கினால் சின்ன வண்டியில் கட்டிக்கொண்டு மேலே போய்விடலாம்.

பிரித்து வரும் மரச்சாமான் பிறந்ததே இந்தப் போக்குவரத்துக் கணக்கில்தான். மிக்கேல் தோனெட்டின் நிறுவனம் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலியைக் கழற்றி அடுக்கினால், ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கின. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் கழித்து, ஸ்வீடனில் ஐகியா நிறுவனத்தின் கில்லிஸ் லுண்ட்கிரன் ஒரு மேசையைக் காருக்குள் நுழைக்க அதன் கால்களைக் கழற்றினார். 1956-இல் அந்த நிறுவனம் தட்டைப் பெட்டியில் சாமான் விற்கத் தொடங்கியதற்கு அதுவே வித்து. இன்று கொல்லிமலையின் மேலே செம்மேட்டில் வீட்டைப் புதுப்பிப்பவர்கூட டைல்ஸ் ஒட்டி, சுவர் பூசி, வண்ணம் அடித்து முடித்த கையோடு இப்படி ஓர் அலமாரியை வரவழைத்து, கூட வந்த படத்தைப் பார்த்து அரை நாளில் பூட்டிவிடலாம்.

தொல்லை சில வாரங்கள் கழித்து வருகிறது. இரட்டைக் கதவில் ஒன்று ஏறியும் மற்றது இறங்கியும் நிற்கும். நடு இடைவெளி மேலே நூலளவும் கீழே விரலளவுமாக இருக்கும். மூடினால் ஒன்றோடொன்று இடிக்கும். மரவேலை தெரிந்த எவரும் கேட்டிருக்கக்கூடிய பேச்சு இது:

“ஆசாரியாரே, புதுக் கதவுங்க. மாட்டி ஒரு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள இறங்கிப்போச்சு.”

“கதவு இறங்கலைங்கம்மா. உள்ள இருக்கற சாமானையெல்லாம் எடுங்க, முதல்ல கால் எப்படி நிக்குதுன்னு பாக்கலாம்.”

ஆசாரியின் அந்தப் பதிலில் ஒரு முழு இயற்பியல் பாடம் இருக்கிறது. கதவு பெரும்பாலும் தன் குறையைக் காட்டுவதில்லை. அறையின் காற்று, தரையின் வாட்டம், பெட்டியின் முறுக்கு ஆகிய மூன்றும் சேர்ந்து செய்ததை ஒரு மெல்லிய இடைவெளியில் நமக்குக் காட்டுகிறது. திருப்புளியை எடுத்துக் கீலைத் திருகுவது கடைசி வேலை. அதை முதல் வேலையாகச் செய்தால் இன்றைக்குச் சரியாகும், அடுத்த மாதம் மறுபடி கோணும்.

காற்றிலிருந்து தொடங்கலாம். கொல்லிமலையின் மேல்தளம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரம். அடிவாரத்தில் காற்று 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தோடும் 50 சதவீத ஈரப்பதத்தோடும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று மலைச்சரிவில் மோதி 1000 மீட்டர் ஏறுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது. விரியும் காற்று குளிரும், மேகமாக மாறாத வரைக்கும் 1000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி. மேலே வந்து சேரும்போது வெப்பம் 20 டிகிரி. நீராவி ஒரு துளிகூடக் கூடவில்லை. ஆனால் குளிர்ந்த காற்றுக்குத் தாங்கும் திறன் குறைவு என்பதால் அதே நீராவி இப்போது 80 சதவீத ஈரப்பதமாகக் கணக்காகிறது. கீழே 60 சதவீதமாக இருந்திருந்தால் மேலே 97 சதவீதம். இன்னும் சற்று ஏறினால் மேகம். மழையே பெய்யாத நாளிலும் மலைவீட்டின் சன்னலில் மூடுபனி வந்து நிற்பதற்கு இதுவே காரணம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி செழித்துப் படர உதவும் அதே ஈரம் அலமாரிப் பலகைக்குள்ளும் நுழைகிறது.

மரத்தின் செல்சுவர்களில் உள்ள செல்லுலோஸ் தண்ணீரை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும். வெட்டி அறுத்து உலர்த்திய பிறகும் அந்த ஈர்ப்பு போவதில்லை. சுற்றியுள்ள காற்றோடு ஒரு சமநிலை வரும்வரை மரம் ஈரத்தை வாங்கும் அல்லது விடும். 50 சதவீத ஈரப்பதக் காற்றில் மரத்தின் எடையில் சுமார் 9 சதவீதம் தண்ணீர் நிற்கும். 80 சதவீதக் காற்றில் அது 16 சதவீதத்தை எட்டும். வாங்கிய தண்ணீருக்கு இடம் கொடுக்க மரம் விரிய வேண்டும். நீளவாக்கில் அது ஏறக்குறைய விரிவதே இல்லை, எல்லாம் அகலவாக்கில்தான். தேக்கு அடக்கமான மரம் என்று பெயர் பெற்றது. அதிலேயே, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில், ஈரம் ஒரு சதவீதம் கூடினால் அகலம் 0.2 சதவீதம் அளவுக்குக் கூடும். 450 மி.மீ. அகலமுள்ள ஒற்றைத் தேக்குப் பலகைக் கதவைச் சமவெளியில் செய்து மேலே கொண்டுவந்து மாட்டினால், காலப்போக்கில் 6 மி.மீ. வரை அகலக்கூடும். இரண்டு கதவுகளுக்கு நடுவே நாம் விடும் இடைவெளியே 2 அல்லது 3 மி.மீ.தான்.

நம் பழைய வீட்டுக் கதவுகளைச் செய்தவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். சட்டம் கூட்டி, சட்டத்தில் காடி எடுத்து, அந்தக் காடிக்குள் பலகையை ஒட்டாமல் செருகினார்கள். பலகை மழைக்காலத்தில் விரிந்து காடிக்குள் நகரும், வெயிலில் சுருங்கி வெளியே வரும். சட்டத்தின் அளவு மாறாது. காற்றின் ஈரப்பதத்தை வைத்து இந்தியாவை 4 மண்டலங்களாகப் பிரித்து, எங்கே எந்த வேலைக்கு மரம் எவ்வளவு உலர்ந்திருக்க வேண்டும் என்று சொல்லும் ஐ.எஸ். 287 என்ற தரவிதியும் இந்த அறிவின் தொடர்ச்சிதான்.

பெட்டியில் வரும் அலமாரி தேக்கு அல்ல. பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. ஜெர்மனியில் மாக்ஸ் ஹிம்மல்ஹேபர் 1930-களில் வகுத்த வழி அது: வீணாகும் மரத்துண்டுகளைச் சிம்பாக்கி, பசை சேர்த்து, சூட்டில் அழுத்திப் பலகையாக்குவது. சிம்புகள் எல்லாத் திசையிலும் கிடப்பதால் இந்தப் பலகை அகலத்தில் அதிகம் விரியாது. அதே 450 மி.மீ. கதவு 1 மி.மீ. அளவுக்கே கூடும். இந்த ஒன்றில் அது தேக்கையே மிஞ்சுகிறது, அதற்குரிய மரியாதையைக் கொடுக்கத்தான் வேண்டும். அதன் பலவீனம் வேறிடத்தில், தடிமனில் இருக்கிறது. அழுத்தி அடக்கிய சிம்புகளுக்குத் தண்ணீர் கிடைத்தால் அவை பழைய பருமனுக்குத் திரும்பப் பார்க்கும், இடையே பிடித்திருக்கும் பசை விட்டுப்போகும். ஒருமுறை ஊதிய ஓரம் உலர்ந்தாலும் பழைய அளவுக்கு வராது. அடிப்பலகையின் வெட்டு ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். பட்டி ஒட்டிய இடம் வழவழவென்றும், பட்டி ஒட்டாமல் விட்ட அடிப்புறம் சொரசொரவென்று உப்பியும் இருந்தால், தரை துடைத்த ஈரம் அங்கே ஏறியிருக்கிறது.

கதவு வளைவதற்கும் ஈரமே காரணமாகலாம். வெளிமுகத்தில் சன்மைக்கா ஒட்டி உள்முகத்தை வெறுமனே விட்ட கதவில், உள்முகம் மட்டும் ஈரம் குடித்து விரிகிறது. வெளிமுகம் விரியவில்லை. ஆக, கதவின் நடுப்பகுதி பெட்டிப் பக்கமாகப் புடைத்து, மேல்முனையும் கீழ்முனையும் வெளியே எழும்பும். இதைக் கீலில் எவ்வளவு திருகினாலும் தீர்க்க முடியாது. இரண்டு முகத்திலும் ஒரே வகை உறை இருக்கும் கதவாக வாங்குவதே வழி.

வீட்டைப் புதுப்பித்த கையோடு சாமான் பூட்டுவதில் இன்னொரு ஈரமும் சேர்கிறது, சிமென்ட்டின் ஈரம். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கலந்தால், சிமென்ட்டோடு வேதியியல் முறையில் கூடிக் கல்லாவது 11, 12 லிட்டர்தான். மிச்சத்தில் ஒரு பங்கு நுண்துளைகளில் தங்கும். மூட்டைக்கு நான்கைந்து லிட்டராவது காற்றில் கலந்தே தீரும். தரைக்கும் பூச்சுக்குமாக 20 மூட்டை போன வீட்டில் அது 80 முதல் 100 லிட்டர். க்யூரிங் என்று நாள்தோறும் நனைத்த தண்ணீர் இந்தக் கணக்கில் இல்லை. காற்று ஏற்கெனவே 80 சதவீதம் நிறைந்திருக்கும் மலையில் இந்த ஈரம் வெளியேறச் சமவெளியைவிட அதிக நாள் பிடிக்கும். மூடிய அறையில் அது பலகைக்குள் போகும். ஆகவே வேலை முடிந்த வாரமே அலமாரியைப் பூட்டி, அடுத்த வாரமே கதவைச் சரிபார்ப்பதில் பயனில்லை. சன்னல்களைத் திறந்துவைத்துச் சில வாரங்கள் பொறுப்பதே நல்லது. முடிந்தால் பெட்டிகளைப் பிரித்து, பலகைகளை அறைக்குள் இடைவெளிவிட்டுச் சாத்திவைத்து, அந்தக் காற்றுக்குப் பழகவிட்டுப் பிறகு பூட்டலாம்.

இனி தரையும் பெட்டியும். என் கணிப்பில், கோணிய கதவுகளில் பெரும்பாலானவற்றின் வேர் இங்கேதான்.

மூடியில்லாத செருப்புப் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்து, இரண்டு முனைகளையும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். எளிதாக முறுக்கிக்கொள்ளும். முறுக்கும்போது திறந்த வாயைக் கவனித்தால் அது செவ்வகமாக இல்லாமல் சாய்சதுரம்போல் இழுபட்டிருக்கும். மூடியை மேலே ஒட்டிவிட்டு முறுக்கினால் பெட்டி அசையாது. ஆறு முகமும் மூடிய பெட்டியில் முறுக்குவிசை முகத்துக்கு முகம் கைமாறிச் சுற்றி வந்து தாங்கப்படுகிறது. ஒரு முகம் திறந்தால் அந்தச் சுற்று அறுந்துபோகிறது. அலமாரியின் முன்பக்கம் எப்போதும் திறந்த வாய். கதவுகள் கீலில் தொங்குவதால் அவற்றை மூடியாகக் கணக்கில் எடுக்க முடியாது.

இப்படிப்பட்ட பெட்டியை நான்கு கால்களில் நிறுத்துகிறோம். மூன்று கால்கள் எந்தத் தரையிலும் படியும். நான்காவது கால் தரையைத் தொடுமா என்பது கொத்தனாரின் கையில் இருக்கிறது. சமையலறைத் தரைக்கு அவர் வேண்டுமென்றே வாட்டம் கொடுத்திருப்பார், கழுவிய தண்ணீர் மோரிப் பக்கம் ஓட வேண்டுமே. பழைய தரைமேலேயே புது டைல்ஸ் ஒட்டிய வீட்டில் இணைப்புக்கு இணைப்பு சிறு ஏற்றத்தாழ்வும் இருக்கும். வலது முன்கால் 3 மி.மீ. தொங்குகிறது என்றால், பாத்திரங்களின் எடை ஏற ஏறப் பெட்டி அந்த மூலையில் மெல்லத் தணிந்து கால் தரையைத் தொடும். பெட்டி முறுக்கிக்கொண்டுவிட்டது. வலப்பக்கப் பலகை கீழே இறங்கியதால் அதில் மாட்டிய கதவும் கூடவே இறங்கி, இடக்கதவைவிடத் தாழ்ந்து நிற்கிறது. முறுக்கு சற்றுக் கூடினால் ஒரு கதவின் மேல்முனை மற்றதைவிட முன்னே துருத்தவும் செய்யும். தரை முழுவதும் ஒரே சீராகச் சாய்ந்திருந்தால் இந்தத் தொல்லை வராது என்பதையும் கவனிக்க வேண்டும். பெட்டி மொத்தமாகச் சாயுமே தவிர உருமாறாது. கெடுப்பது சாய்வு அல்ல, நான்கு கால்களும் ஒரே தளத்தில் இல்லாததுதான்.

சுவரில் தொங்கும் அலமாரியிலும் இதே கதை நடக்கும். பூச்சு புடைத்த இடத்தில் திருகை இறுக்க இறுக்கப் பெட்டி சுவரின் வடிவத்துக்கு முறுக்கிக்கொள்ளும்.

பெட்டி செவ்வகமாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. டேப்பால் சொல்லலாம். திறந்த வாயில் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவுகளையும் எடுக்க வேண்டும். செவ்வகத்தில் இரண்டும் சமம். 900 மி.மீ. அகலமும் 700 மி.மீ. உயரமும் உள்ள பெட்டியில் அவை 1140 மி.மீ. வரும். ஒரு பக்கம் 3 மி.மீ. இறங்கினால் ஒன்று 1142 ஆகவும் மற்றது 1138 ஆகவும் மாறும். இறக்கத்தைவிட வித்தியாசம் பெரிதாகத் தெரிவதால்தான் இந்த முறை இவ்வளவு பயனுள்ளது.

பின்பலகையையும் பார்த்துவிட வேண்டும். நான்கு பலகைகளை மூலையில் திருகிச் சேர்த்த சட்டம் பக்கவாட்டில் சாயக்கூடியது, முக்கோணம்தான் சாயாதது. 3 அல்லது 4 மி.மீ. தடிமனே உள்ள பின்பலகை குறுக்குச் சட்டங்களின் வேலையைச் செய்து பெட்டியைச் சதுரத்தில் நிறுத்துகிறது. பிளக் பாயின்ட்டுக்கும் குழாய்க்கும் வழிவிட அதில் பெரிய சன்னல் வெட்டிவிட்டாலோ, ஆணிகளைப் பாதியில் நிறுத்தியிருந்தாலோ பெட்டிக்கு முதுகெலும்பு போய்விட்டது.

திருத்தும் முறையும் இதிலிருந்தே வருகிறது. சாமான்களை வெளியே எடுத்து, சுவரோடு பிடித்திருக்கும் திருகுகளைத் தளர்த்தி, கால்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ரசமட்டம் போதும், ஆனால் அதை ஒருமுறை தலைமாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு நிலையிலும் குமிழி ஒரே இடத்தில் நின்றால்தான் கருவியை நம்பலாம். நீண்ட சமையலறைக்குக் கொத்தனார்களின் டியூப் லெவலே மேல். ஒளி ஊடுருவும் குழாயில் நிரப்பிய தண்ணீர், குழாய் எப்படி வளைந்து கிடந்தாலும் இரு முனையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். குழாய்க்குள் காற்றுக்குமிழி மட்டும் அடைபட்டிருக்கக் கூடாது. ஒரு பக்கத்துச் செங்குத்துப் பகுதியில் 20 மி.மீ. நீளக் குமிழி நின்றால் மட்டமும் அந்த அளவுக்குப் பொய்யாகும். திருகிக் கூட்டிக் குறைக்கும் கால்கள் இருந்தால் திருகலாம், இல்லையென்றால் சக்கை வைக்க வேண்டும். மடித்த அட்டை ஈரம் குடித்து நசுங்கிவிடும். சன்மைக்காத் துண்டு நல்ல சக்கை, ஒன்று ஏறத்தாழ 1 மி.மீ. வரும், வேண்டிய அளவுக்கு அடுக்கிக்கொள்ளலாம். குறுக்களவுகள் சமமான பிறகு சாமான்களைத் திரும்ப ஏற்றி ஒருநாள் விட்டுப் பார்த்தால், பல வீடுகளில் கதவு தானாகவே நேராகியிருக்கும்.

அப்படியும் மிச்சம் இருந்தால் கீலுக்கு வரலாம். இன்றைய அலமாரிகளில் இருப்பது கதவின் உள்முகத்தில் 35 மி.மீ. வட்டக்குழி எடுத்துப் பதிக்கும் கீல். ஆசாரிகள் ஆட்டோ ஹிஞ்ச் என்பார்கள். அது தாங்கும் சுமையை ஒரு கணக்கில் பார்ப்போம். 450 மி.மீ. அகலம், 700 மி.மீ. உயரம், 18 மி.மீ. தடிமன் உள்ள பார்ட்டிகிள் போர்டு கதவு ஏறத்தாழ 4 கிலோ. அதன் எடை கீலிலிருந்து 225 மி.மீ. தள்ளி நடுவில் விழுகிறது. இரண்டு கீல்களுக்கும் இடைத்தூரம் 500 மி.மீ. என்றால் மேல்கீல் 1.8 கிலோ விசையில் வெளியே இழுபடும், கீழ்க்கீல் அதே விசையில் உள்ளே அழுந்தும். திறந்த கதவின் ஓரத்தில் ஒரு குழந்தை 15 கிலோ எடையைப் போட்டுத் தொங்கினால் மேல்கீலின் இழுவை மேலும் 13.5 கிலோ கூடும். மேல்கீலின் திருகுகள் முதலில் தளர்வது இதனால்தான். குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும் கதவு சீக்கிரம் இறங்குவதற்கும், நெட்டைக் கதவு அப்படி இறங்காததற்கும் காரணமும் இதே நெம்புகோல்.

கீலில் கதவுக்கு அருகே இருக்கும் திருகு பக்கவாட்டு நகர்வுக்கு. பின்னால் இருப்பது உள்ளே வெளியே நகர்த்த. பெட்டியில் பிடித்திருக்கும் தட்டின் திருகுகளைத் தளர்த்தினால் மேலே கீழே நகர்த்தலாம். இடப்பக்கம் கீலுள்ள கதவின் வெளி ஓரம் 2 மி.மீ. இறங்கியிருக்கிறது என்போம். 500 மி.மீ. இடைவெளியுள்ள கீல்களில் ஒன்றை 1 மி.மீ. நகர்த்தினால் 450 மி.மீ. தள்ளியுள்ள ஓரம் 0.9 மி.மீ. எழும். ஆகவே மொத்தம் 2.2 மி.மீ. நகர்வு வேண்டும். அதை ஒரே கீலில் எடுத்தால் கதவு மொத்தமாக ஒரு பக்கம் ஒதுங்கி நடு இடைவெளி கெடும். மேல்கீலைப் பக்கப்பலகைப் பக்கமாக 1.1 மி.மீ. இழுத்து, கீழ்க்கீலை எதிர்ப்பக்கம் 1.1 மி.மீ. தள்ளினால் கதவு தன் நடுவை மையமாக வைத்துத் திரும்பும். அரைச் சுற்றுத் திருகி, கதவை மூடிப் பார்த்து, மறுபடி அரைச் சுற்று என்று போவதே முறை. இரண்டு கதவில் ஒன்றை மட்டும் முதலில் பெட்டியின் ஓரத்தோடு ஒத்துப்போகச் செய்துவிட்டு, அடுத்ததை அதற்கு இணையாக்க வேண்டும். இரண்டையும் மாறி மாறித் திருகுபவருக்கு ஒப்பிட ஒரு நேர்க்கோடே கிடைக்காது.

திருகு சுற்றிக்கொண்டே இருந்து பிடிக்காவிட்டால் சிம்புகள் உதிர்ந்து துளை அகன்றுவிட்டது. தீக்குச்சியும் பெவிகாலும் திணிப்பது வழக்கம், கொஞ்ச நாள் தாங்கும். நிலைத்து நிற்க வேண்டுமானால் துளையை 8 மி.மீ. ஆகப் பெரிதாக்கி, உள்ளிருக்கும் தூளை ஊதி வெளியேற்றி, பசை தடவிய மரமுளையை அடித்து, ஒருநாள் உலரவிட்டு, அதன் நடுவில் 2.5 மி.மீ. துளையிட்டுத் திருக வேண்டும். முளையில் பிடிக்கும் திருகு நொறுங்கும் சிம்பை விட்டு முழு மரத்தைப் பற்றுகிறது. பலகையே ஊதியிருந்தால் முளையும் நிற்காது, கீலைச் சில அங்குலம் மேலோ கீழோ மாற்றி உலர்ந்த இடத்தில் பொருத்துவதுதான் சரி.

எவ்வளவு இடைவெளி விடுவது என்பதைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் கதவை மாட்டினால் பலகை அப்போதே விரிந்த நிலையில் இருக்கும், நடுவில் 2 மி.மீ. விட்டால் போதும். மாசி, பங்குனியில் மாட்டினால் பலகை சுருங்கிய நிலையில் இருக்கும், பார்ட்டிகிள் போர்டு கதவுக்கு 3 மி.மீ. விட வேண்டும். முழுமரக் கதவானால் அதற்கும் மேலே விட்டு, அடுத்த மழைக்காலத்தில் ஒருமுறை திருப்புளியோடு வர வேண்டும்.